பிரிண்டருக்குத் தானாக ஐபி முகவரி கிடைப்பதில் சிக்கல்: ஒன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, மற்றொன்றுக்கு 169.254 வருகிறது

கேள்வி

வணக்கம். 28 கணினிகளும் இரண்டு நெட்வொர்க் பிரிண்டர்களும் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினிப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. நான் முறையாக நெட்வொர்க்கிங் படித்தவன் அல்லன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவனிடம், "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சொல்லித் தலையில் கட்டப்பட்ட வேலை இது. ஆகவே அடிப்படையான தவறு ஏதேனும் செய்திருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

ரவுட்டரின் முகவரி 192.168.1.1. அதுவே டிஎச்சிபி (முகவரிகளைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் முறை) வழியாக எல்லாக் கருவிகளுக்கும் முகவரி வழங்குகிறது. இரண்டு பிரிண்டர்களிலும் 'ஆட்டோமேட்டிக்' என்ற அமைப்பையே வைத்திருக்கிறேன்.

வரவேற்பறையில் உள்ள முதல் பிரிண்டர் வாரம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அதை அணைத்துவிட்டுப் போகிறோம். திங்கட்கிழமை காலை எல்லாக் கணினிகளிலும் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. பிரிண்டரின் திரையில் பார்த்தால் முகவரி மாறியிருக்கிறது. இதைத் தவிர்ப்பதற்காக, பிரிண்டரின் மெனுவில் 192.168.1.110 என்று நானே நிலையான முகவரியைத் தட்டிப் பார்த்தேன். மூன்று நாள் நன்றாக இருந்தது. நான்காம் நாள் ஒரு பக்கம் அச்சாவதும் அடுத்த பக்கம் தொங்கி நிற்பதுமாகக் கூத்தாகிவிட்டது. அதே முகவரி யாரோ ஒருவருடைய கைப்பேசிக்கும் போயிருந்ததை ரவுட்டரின் பட்டியலில் கண்டேன். உடனே பழையபடி ஆட்டோமேட்டிக்குக்கே மாற்றிவிட்டேன்.

மாடியில் உள்ள இரண்டாவது பிரிண்டரின் கதை வேறு. இரண்டு மாதங்களுக்கு முன் மாடியில் பழைய நெட்வொர்க் சுவிட்சை (பல கருவிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) எடுத்துவிட்டு, மெனு வழியாக அமைப்புகளை மாற்றக்கூடிய 24 போர்ட் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினார்கள். அதிலிருந்து, பிரிண்டரை இயக்கும்போதெல்லாம் 169.254 என்று தொடங்கும் முகவரிதான் வருகிறது. கேபிளை மாற்றினேன், வேறு போர்ட்டில் செருகினேன், பயனில்லை. அதே பிரிண்டரைக் கீழே கொண்டுவந்து ரவுட்டரில் நேரடியாக இணைத்தால் உடனே சரியான முகவரி கிடைத்துவிடுகிறது. புதிய சுவிட்சில் கணினிகள் எல்லாம் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்வதால், பிரிண்டரின் நெட்வொர்க் அட்டைதான் பழுது என்று சுவிட்சைப் பொருத்தியவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று: வரவேற்பறைப் பிரிண்டர் அச்சிடும் அமைப்புத் தாள்களைத் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அவற்றுள் ஒரே ஒரு தாளில் 192.168.0.103 என்று இருக்கிறது. ஒரு முறைதான் நடந்தது என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு பிரிண்டர்களுக்கும் முகவரி மாறாமல் இருக்க வழி சொல்லுங்கள்.

முதல் பதில்

வணக்கம். நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும், இங்கே ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. பிரிண்டரின் திரையில் தெரியும் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. 192.168.1 என்று தொடங்கும் முகவரி வந்தால், பிரிண்டர் கேட்டது, ரவுட்டர் கொடுத்தது, இருவருக்கும் இடையே பேச்சு நடந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் எதிர்பார்த்த எண் கிடைக்கவில்லை என்பது மட்டுமே அங்குள்ள குறை. 169.254 என்று தொடங்கினால், பிரிண்டர் கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதிலே வராததால், தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை எந்தச் சர்வரும் தரவில்லை. ஆகவே மாடியிலுள்ள பிரிண்டருக்காக ரவுட்டரின் அமைப்புகளைத் துருவிக்கொண்டிருப்பது வீண்வேலை. அதன் கேள்வி ரவுட்டரை எட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை எனக்குப் பின் வருபவர்களுக்கு விட்டுவிட்டு, வரவேற்பறைப் பிரிண்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டிஎச்சிபி முகவரியைத் தானமாகக் கொடுப்பதில்லை, குத்தகைக்கு விடுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'லீஸ் டைம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பல ரவுட்டர்களில் அது 24 மணி நேரமாக இருக்கும், சிலவற்றில் 86400 என்று விநாடிக் கணக்கில் எழுதியிருக்கும். குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும், அதாவது 12ஆவது மணியில், கருவி தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். அப்போது பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு கழிந்த 21ஆவது மணியில், எந்தச் சர்வராவது பதில் சொல்லட்டும் என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி கூவும். பிரிண்டர் இயங்கிக்கொண்டிருக்கும் வரை இந்தப் புதுப்பித்தல் அரவமில்லாமல் நடந்துவிடுவதால், வாரம் முழுவதும் ஒரே முகவரி இருப்பதுபோல் தோன்றுகிறது. வெள்ளி மாலை அணைத்துவிட்டால் புதுப்பிக்க ஆளில்லை. சனிக்கிழமை மாலைக்குள் குத்தகை முடிந்துவிடுகிறது. திங்கள் காலை உங்களுக்கு முன்னே வந்தவருடைய கைப்பேசி அந்த எண்ணை வாங்கிக்கொள்கிறது. பிரிண்டரை இயக்கியதும் அது தன் பழைய எண்ணைத்தான் முதலில் கேட்கும், ஆனால் ரவுட்டர் மறுத்துவிடும்; பிறகு காலியாக உள்ள வேறொன்றை வாங்கிக்கொள்ளும்.

பொதுவாக டிஎச்சிபி சர்வர்கள் முன்பு வைத்திருந்தவருக்கே பழைய எண்ணைத் திரும்பக் கொடுக்கத்தான் முயலும். 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்னும் விதிமுறை ஆவணமும் அப்படித்தான் சொல்கிறது. அப்படியிருந்தும் வாராவாரம் மாறுகிறது என்றால், உங்கள் பூலில், அதாவது ரவுட்டர் வழங்குவதற்கென ஒதுக்கிய எண்களின் தொகுப்பில், இடம் நெருக்கடியாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ரவுட்டரில் பூல் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, இப்போது எத்தனை குத்தகைகள் நடப்பில் உள்ளன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தீர்வு, ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' செய்வது. பிரிண்டரின் மேக் முகவரியை (நெட்வொர்க் அட்டைக்கே உரிய அடையாள எண்) கொடுத்து, இந்தக் கருவிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று பதிந்துவிட்டால், பிரிண்டர் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கலாம். ஒரு மாதம் அணைத்து வைத்திருந்தாலும் அந்த எண் வேறு யாருக்கும் போகாது. நீங்கள் 110 என்று கையால் தட்டியது ஏன் மோதலில் முடிந்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். நீங்கள் பிரிண்டரிடம் சொன்னீர்களே தவிர ரவுட்டரிடம் சொல்லவில்லை. அதன் கணக்குப் புத்தகத்தில் 110 காலி. கொடுப்பதற்கு முன் அந்த எண்ணைப் பிங் செய்து (அங்கே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு சிறு செய்தி அனுப்பி) பார்க்கும் சர்வர்கள் உண்டு என்றாலும், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் பிங் செய்தால் பதில் வராது, 'காலிதான்' என்று கொடுத்துவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. 'குத்தகை' என்று சொன்ன பிறகுதான் திங்கட்கிழமைக் குழப்பம் எனக்கு விளங்கியது. ரவுட்டரில் பார்த்தேன்: பூல் 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை, ஆக 50 முகவரிகள். லீஸ் டைம் 24 மணி. இன்று பிற்பகல் நிலவரப்படி 49 குத்தகைகள் நடப்பில் உள்ளன. 28 கணினிகளுக்கும் 2 பிரிண்டர்களுக்கும் போக மீதி எல்லாம் கைப்பேசிகளும் இரண்டொரு கேமராக்களும்தான்.

ரிசர்வேஷனும் செய்தேன். பிரிண்டரின் பின்புறம் ஒட்டியிருக்கும் லேபிளில் இருந்த மேக் முகவரியைப் பார்த்து, 192.168.1.120 என்று பதிந்து, பிரிண்டரை அணைத்து இயக்கினேன். வந்தது 192.168.1.137. ரவுட்டரையும் மறுதொடக்கம் செய்து பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. எழுத்துப் பிழை இருக்குமோ என்று லேபிளை இரண்டு பேராகச் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம். பிழை எதுவும் இல்லை.

இரண்டாம் பதில்

லேபிளை நம்பாதீர்கள். கேபிள், வைஃபை ஆகிய இரண்டு வழிகளிலும் இணையக்கூடிய பிரிண்டரில் நெட்வொர்க் அட்டைகளும் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேக் முகவரி. லேபிளில் சில நேரம் ஒன்றை மட்டுமே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் இரண்டும் அடுத்தடுத்த எண்களாக இருப்பதால், பார்த்தவுடன் வேறுபாடு கண்ணில் படாது. என்னிடம் உள்ள ஒரு பிரிண்டரில் கேபிளுக்கான முகவரி 41 என்று முடிகிறது, வைஃபைக்கானது 42 என்று முடிகிறது. முன்னால் உள்ள பத்து எழுத்துகளும் எண்களும் அச்சு அசலாக ஒன்றே. நான் ஒரு முழுப் பிற்பகலை இதற்காகவே தொலைத்திருக்கிறேன்.

பிரிண்டரின் மெனுவிலிருந்து அமைப்புத் தாளை அச்சிட்டு, அதில் 'வயர்டு' என்ற பகுதியில் உள்ள மேக் முகவரியை எடுங்கள். இதைவிடவும் உறுதியான வழி, ரவுட்டரின் நடப்புக் குத்தகைப் பட்டியலில் 192.168.1.137க்கு எதிரே இருக்கும் மேக் முகவரியை அப்படியே படியெடுத்து ரிசர்வேஷனில் ஒட்டுவது. எந்த முகவரி கேட்டதோ அதுதானே பதிவாகியிருக்கும், தவறுக்கு இடமில்லை. பல ரவுட்டர்களில் அந்தப் பட்டியலிலேயே ஒரு பொத்தானை அழுத்தி ரிசர்வேஷனாக மாற்றிவிடலாம்.

ரிசர்வேஷனைச் சேமித்த உடனே முகவரி மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிரிண்டர் கையில் நடப்பிலுள்ள குத்தகை இருக்கிறது. அது மீண்டும் கேட்கும்போதுதான் புதிய எண் கிடைக்கும். அணைத்து இயக்கியும் பழைய எண்ணே வந்தால், ரவுட்டரில் அந்தக் குத்தகையை நீக்கிவிட்டு மறுபடி இயக்குங்கள்.

மாடிப் பிரிண்டரைப் பற்றி இரண்டு கேள்விகள். புதிய சுவிட்சுக்கும் அந்தப் பிரிண்டருக்கும் நடுவே, பழைய ஐந்து போர்ட் சாதாரணச் சுவிட்ச் ஏதாவது இருந்தால் அதை இணைத்துப் பார்க்க முடியுமா? முதலில் அந்தச் சிறு சுவிட்சைப் பெரிய சுவிட்சுடன் இணைத்து ஒரு நிமிடம் விட்டுவிட்டு, அதன் பிறகு பிரிண்டரை இயக்க வேண்டும். இரண்டாவது, அந்த 24 போர்ட்டுகளும் ஒரே விலானில்தான் (ஒரு சுவிட்சையே பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு) இருக்கின்றனவா?

கேட்டவர்

எல்லாம் ஒரே விலான்தான், பிரித்து வைக்கவில்லை. அமைப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே லேபிளில் இருப்பது வைஃபையின் மேக் முகவரி. கேபிளின் முகவரியைப் போட்டதும் 120 வந்துவிட்டது.

மாடியில் ஒரு பழைய ஐந்து போர்ட் சுவிட்சை நடுவில் வைத்துப் பார்த்தேன். நம்ப முடியவில்லை: பிரிண்டரை இயக்கிய சில விநாடிகளில் 192.168.1.141 என்ற முகவரி வந்துவிட்டது. சிறு சுவிட்சை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகினால் மறுபடியும் 169.254. இதற்கு என்ன விளக்கம்? பிரிண்டரின் அட்டை பழுது என்றால் இப்படி நடக்காதல்லவா?

இரண்டாம் பதில் எழுதியவர்

பிரிண்டர் பழுதில்லை, அவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம். இது ஸ்பேனிங் ட்ரீ என்னும் ஏற்பாட்டின் வேலை.

அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சுகளில் ஒரு போர்ட்டில் கேபிளைச் செருகியதும், அந்த வழியாக எங்காவது, தரவு முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் வளையம் உண்டாகிவிடுமா என்று சுவிட்ச் முதலில் பார்க்கும். 15 விநாடி கவனித்துக் கேட்கும், இன்னொரு 15 விநாடி யார் யார் இருக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளும். ஆக 30 விநாடிக்கு அந்தப் போர்ட் வழியாக உங்கள் தரவு எதையும் கடத்தாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கேபிள் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சில சுவிட்சுகளில் மட்டும் அந்த 30 விநாடிக்கு விளக்கு மஞ்சளாக இருந்து, பிறகு பச்சைக்கு மாறும்.

இப்போது பிரிண்டரின் பக்கம் நின்று பாருங்கள். இணைப்பு வந்ததும் 'எனக்கு முகவரி வேண்டும்' என்று முதல் செய்தியை அனுப்புகிறது. பதில் இல்லை. ஆர்எஃப்சி 2131 பரிந்துரைக்கும் இடைவெளிகளின்படி 4 விநாடி காத்திருந்து மறுபடி அனுப்பும், பிறகு 8, பிறகு 16, பிறகு 32 என்று காத்திருப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அதாவது 0, 4, 12, 28 ஆகிய விநாடிகளில் நான்கு முறை கேட்கிறது. நான்கும் அந்த 30 விநாடிக்குள் விழுந்து சுவரில் மோதிப் போகின்றன. நான்காவது முறை வெறும் இரண்டு விநாடியில் தவறுகிறது. இடைவெளிகளில் ஒரு விநாடி முன்பின் இருக்கலாம், ஆனாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான். ஐந்தாவது முறை 60ஆவது விநாடியில் வர வேண்டும். அதுவரை பொறுமை இல்லாத பிரிண்டர்கள், முயற்சியைக் கைவிட்டு 169.254க்குப் போய்விடுகின்றன, அவற்றுள் சில அதன் பிறகு மறுபடி கேட்பதே இல்லை. கணினிகள் இயங்கத் தொடங்கவே நேரம் எடுக்கும், அதோடு விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டும் இருக்கும், ஆகவே அவற்றில் இந்தக் கோளாறு வெளியே தெரிவதில்லை. நடுவில் நீங்கள் வைத்த சிறு சுவிட்சு அந்த 30 விநாடிக் காத்திருப்பைப் பிரிண்டர் இயங்குவதற்கு முன்பே முடித்துவைத்தது. அவ்வளவுதான் அதன் மாயம்.

செய்ய வேண்டியது இதுதான். சுவிட்சின் அமைப்புப் பக்கத்தில் ஸ்பேனிங் ட்ரீ பகுதிக்குப் போய், பிரிண்டர் இணைந்துள்ள போர்ட்டை 'எட்ஜ் போர்ட்' என்று குறியுங்கள். சில நிறுவனங்களின் சுவிட்சுகளில் இதற்கு 'போர்ட்ஃபாஸ்ட்' என்று பெயர். அதன் பின் அந்தப் போர்ட் காத்திராமல் உடனே திறந்துகொள்ளும். ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ என்ற புதிய வகை இயங்கிக்கொண்டிருந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும், ஏனெனில் எதிர்முனையில் இருப்பது பிரிண்டர்; சுவிட்சு கேட்கும் கேள்விக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது, ஆகவே பழைய 30 விநாடிக் காத்திருப்பே நடக்கும். 'பிபிடியூ கார்டு' என்ற வசதி இருந்தால் அதே போர்ட்டில் அதையும் இயக்கிவிடுங்கள். பின்னொரு நாள் யாராவது பிரிண்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பேனிங் ட்ரீ பேசும் வேறொரு சுவிட்சைச் செருகினால் அந்தப் போர்ட் மூடிக்கொள்ளும்.

தொல்லை விட்டது என்று ஸ்பேனிங் ட்ரீயையே முழுவதுமாக அணைத்துவிடாதீர்கள். ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிடும் மகானுபாவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு.

மூன்றாம் பதில்

எல்லோரும் முக்கியமான ஒன்றைக் கடந்து போய்விட்டீர்கள். கேட்டவர் முதல் பதிவின் கடைசியில் 192.168.0.103 என்று ஒரு தாளில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய நெட்வொர்க் 192.168.1, அந்த ரவுட்டர் 0 வரிசையில் ஒரு முகவரியைக் கொடுக்க வழியே இல்லை. 169.254 போல அது பிரிண்டர் தானாகச் சூட்டிக்கொள்ளும் எண்ணும் இல்லை. அப்படியென்றால் உங்கள் நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது, அல்லது அவ்வப்போது வந்து போகிறது. கருவிகள் பொதுவாக முதலில் பதில் சொல்பவரிடமிருந்தே முகவரியை வாங்கிக்கொள்ளும். அன்று அந்த இன்னொருவர் முந்திக்கொண்டார். ரிசர்வேஷன் உங்கள் ரவுட்டரில் இருப்பதால், அது முந்தும் நாளில் மட்டும்தான் பலிக்கும். இதைத் தீர்க்காமல் விட்டால், சில மாதம் கழித்து "எல்லாம் சரியாகத்தான் செய்தேன், மறுபடி வந்துவிட்டது" என்று எழுதுவீர்கள்.

அந்தத் தாளையே மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் அமைப்புத் தாளில் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசலான ரவுட்டர்) முகவரியையும், பலவற்றில் டிஎச்சிபி சர்வரின் முகவரியையும் அச்சிடும். அங்கே 192.168.0.1 என்று இருக்கும் என்பது என் ஊகம். யாராவது வைஃபை எட்டாத அறைக்காக ஒரு பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டில் கேபிளைச் செருகியிருப்பார்கள்.

கண்டுபிடிக்க வழி: அது இயங்கும் நேரத்தில், ஒரு மடிக்கணினியில் தற்காலிகமாக 192.168.0.50 என்று நிலையான முகவரியைக் கொடுத்து, 192.168.0.1ஐப் பிங் செய்யுங்கள். பிறகு அந்தக் கணினியின் ஏஆர்பி பட்டியலை (எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்குரியது என்ற பதிவு) பார்த்தால் எதிரியின் மேக் முகவரி தெரியும். முதல் ஆறு இலக்கங்களை வைத்து எந்த நிறுவனத்தின் கருவி என்றும் அறியலாம். அந்த மேக் முகவரி எந்தப் போர்ட் வழியாக வருகிறது என்று உங்கள் 24 போர்ட் சுவிட்சின் மேக் அட்டவணையில் தேடுங்கள். போர்ட் எண் கிடைத்துவிட்டால் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய் ஆளைப் பிடித்துவிடலாம்.

அதோடு, நான் ரிசர்வேஷன் கட்சி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நிலையான முகவரியைக் கருவியிலேயே தட்டுவதுதான் என் வழக்கம், ஆனால் பூலுக்கு வெளியே. இங்கே 192.168.1.20 என்று கொடுத்திருந்தால் எந்தக் கைப்பேசியும் அதைத் தொட்டிருக்காது. ரவுட்டர் படுத்துவிட்டாலும் பிரிண்டர் தன் முகவரியை இழக்காது.

முதல் பதில் எழுதியவர்

192.168.0.103ஐ நான் கவனிக்கத் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

நிலையான முகவரி பற்றிச் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. பூலுக்கு வெளியே என்பது மிகச் சரி. ஆனால் கருவியில் தட்டிய முகவரி கருவிக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. நெட்வொர்க்கின் எண் வரிசையை என்றாவது மாற்ற நேர்ந்தால் ஒவ்வொரு பிரிண்டரிடமும் போய் நின்று, அந்தச் சின்னத் திரையில் அம்புக்குறிகளை அழுத்தி அழுத்தி மாற்ற வேண்டும். கேட்வேயையோ, நெட்வொர்க்கின் எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க்கையோ ஓர் இலக்கம் தவறாகத் தட்டிவிட்டால், மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்பும் வசதி மட்டும் வேலை செய்யாமல் போய், காரணம் புரியாமல் திண்டாடுவோம். ரிசர்வேஷனில் எல்லாம் ஓரிடத்தில், ஒரு பட்டியலாக இருக்கும். அதன் பலவீனம், ரவுட்டரை மாற்றினாலோ தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினாலோ அந்தப் பட்டியல் முழுவதும் போய்விடும் என்பதே. ஆகவே அதை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

பூலை எப்படியும் விரிக்க வேண்டும். 50இல் 49 நிரம்பியிருப்பது ஆபத்தான நிலை. 51ஆவது ஆள் வந்தால் அவருக்கு 169.254தான். 192.168.1.50 முதல் 192.168.1.229 வரை வைத்தால் 180 முகவரிகள் கிடைக்கும். 2 முதல் 49 வரை பிரிண்டர், சுவிட்ச் போன்றவற்றுக்கு. ரிசர்வேஷன் எண் பூலுக்கு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்கலாமா என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் வேறுபடும். வெளியே உள்ள எண்ணை உங்கள் ரவுட்டர் ஏற்க மறுத்தால் உள்ளேயே கொடுங்கள். ரிசர்வேஷன் என்று பதிந்த எண்ணை அது வேறு யாருக்கும் கொடுக்காது என்பதால் கெடுதல் இல்லை.

நான்காம் பதில்

முகவரி விவாதம் முடிந்ததும் கணினிகளின் பக்கம் ஒரு வேலை காத்திருக்கிறது. விண்டோஸில் பிரிண்டரைச் சேர்த்தபோது 'ஸ்டாண்டர்டு டிசிபி ஐபி போர்ட்' (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை அல்ல, அச்சு வேலையை எங்கே அனுப்புவது என்ற பதிவு) என்று அமைத்திருந்தால், அந்தக் கணினி அன்றைக்கு இருந்த முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு இப்போது நிலையான எண் கிடைத்துவிட்டாலும், 28 கணினிகளும் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் பண்புகளில் 'போர்ட்ஸ்' தாவலுக்குப் போய்ப் புதிய எண்ணுடன் ஒரு போர்ட்டைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டரை நீக்கிவிட்டு டிரைவரை மறுபடி நிறுவத் தேவையில்லை. பலர் அப்படித்தான் செய்து ஒரு நாளை வீணாக்குகிறார்கள்.

சில கணினிகளில் 'டபிள்யூஎஸ்டி' என்ற வகைப் போர்ட் தானாக அமைந்திருக்கும். அது முகவரியைப் பிடித்துக்கொள்ளாமல் பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வகை. வசதியானதுதான், ஆனால் பிரிண்டர் ஆழ்ந்த உறக்க நிலையில் இருக்கும்போது தேடல் தோற்று, ஆஃப்லைன் என்று காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிலையான முகவரி வந்துவிட்ட பிறகு அதை நம்பியிருக்கக் காரணமில்லை.

முகவரி சரியாக இருந்து, பிங்கும் வந்து, அப்படியும் ஆஃப்லைன் என்று காட்டினால், அதே போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' என்ற தேர்வுக்குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் அந்த வழியில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கிறது. பிரிண்டரில் அந்த வசதி அணைந்திருந்தாலோ கடவுச்சொல் மாறியிருந்தாலோ பதில் வராது, உடனே ஆஃப்லைன் என்று முத்திரை குத்திவிடும். அச்சு வேலை போவது 9100 என்ற எண்ணுள்ள மென்பொருள் போர்ட் வழியாக. நிலை விசாரிப்பு 161 வழியாக. இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

கேட்டவர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. திங்கட்கிழமை ஒன்றையாவது பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

மாடிச் சுவிட்சில் 17ஆம் போர்ட்டை எட்ஜ் என்று குறித்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிரிண்டரை இயக்கினேன். திரையில் நெட்வொர்க் குறி வந்த அடுத்த சில நொடிகளில் முகவரியும் வந்துவிட்டது. ஐந்து முறை அணைத்து இயக்கினேன், ஐந்து முறையும் சரி. சிறு சுவிட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

192.168.0.103 இருந்த தாளைத் தேடி எடுத்தேன். கேட்வே 192.168.0.1, டிஎச்சிபி சர்வர் 192.168.0.1 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. எத்தனையோ முறை அந்தத் தாளைப் புரட்டியும் நான் முகவரி வரியைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. மேக் அட்டவணையில் தேடியபோது முதல் மூன்று நாள் எதுவும் சிக்கவில்லை. நான்காம் நாள் பிற்பகல் பிங்குக்குப் பதில் வந்தது. அட்டவணை 6ஆம் போர்ட்டைக் காட்டியது. கேபிள் கூட்ட அறைக்குப் போனது. அங்கே மேசைக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், ஒரு பழைய வைஃபை ரவுட்டர். கூட்டம் நடக்கும்போது மட்டும் அந்த அறையின் மின்சாரத்தைப் போடுவார்கள், ஆகவே கூட்டம் இருந்தால் இரண்டாவது சர்வரும் உண்டு. கொண்டுவந்து வைத்தவர் யார் என்று விசாரித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானேதான். விருந்தினர் ஒருவருக்கு வைஃபை கிடைக்கவில்லை என்று அவசரத்தில் செருகிவிட்டு மறந்தே போயிருக்கிறேன்.

அதில் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிவிட்டேன். வைஃபை வழக்கம்போல வேலை செய்கிறது, முகவரி மட்டும் முதன்மை ரவுட்டரிடமிருந்து வருகிறது. பூலை 50 முதல் 229 வரை விரித்தேன். என் ரவுட்டர் பூலுக்கு வெளியே உள்ள எண்ணையும் ஏற்றுக்கொண்டது, ஆகவே பிரிண்டர்களுக்கு 20, 21 என்று ரிசர்வேஷன் செய்து, 28 கணினிகளிலும் போர்ட்டை மாற்றினேன். அதுதான் எல்லாவற்றிலும் நேரம் தின்ற வேலை.

நேற்று திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வரவேற்பறைப் பிரிண்டரை இயக்கினோம், 192.168.1.20 என்று வந்தது, முதல் அச்சு ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு வெளிவந்தது. ஒரே ஒரு கணினியில் ஆஃப்லைன் என்று காட்டியது. அதில் எஸ்என்எம்பி குறியை எடுத்ததும் சரியாகிவிட்டது. மாடிச் சுவிட்சில் 'டிஎச்சிபி ஸ்னூப்பிங்' என்று ஒரு வசதி தென்படுகிறது. கூட்ட அறையில் நடந்ததுபோல் மறுபடி நடக்காமல் அது தடுக்குமா?

மூன்றாம் பதில் எழுதியவர்

தடுக்கும். எந்தப் போர்ட்டிலிருந்து டிஎச்சிபி பதில்கள் வரலாம் என்று நீங்கள் குறிக்கிறீர்களோ, அதைத் தவிர மற்றப் போர்ட்டுகளிலிருந்து வரும் பதில்களைச் சுவிட்ச் விழுங்கிவிடும். ஆனால் வரிசை மாறக் கூடாது: முதலில் ரவுட்டரை நோக்கிப் போகும் போர்ட்டை 'டிரஸ்டட்' என்று குறித்துச் சேமியுங்கள், அதன் பிறகே ஸ்னூப்பிங்கை இயக்குங்கள். மாற்றிச் செய்தால் உங்கள் சொந்த ரவுட்டரின் பதில்களையே சுவிட்ச் விழுங்கும். குத்தகை முடிய முடிய மாடியில் ஒவ்வொருவராக இணைப்பை இழப்பார்கள். வேலை நாளில் செய்யாமல், எல்லோரும் போன பிறகு செய்வது நல்லது.